மலையிறங்கிய கால்களை நீவிவிடும் கைகள்

ஏற்காட்டு மலைப்பாதையில் ஓடி ஏறுகிறவர்களைவிட ஓடி இறங்குகிறவர்களுக்குத்தான் மறுநாள் கால் அதிகமாக வலிக்கும் என்பது, சேலத்தில் ஓட்டப் பயிற்சி செய்கிற எவருக்கும் தெரிந்த செய்தி. ஏறும்போது மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டால் அதெல்லாம் அடங்கிவிடும். இறங்கும்போது ஒன்றும் தெரியாது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் சிரித்துப் பேசிக்கொண்டே கடந்து அடிவாரத்துக்கு வந்துவிடுகிற பிள்ளைகள், மறுநாள் காலையில் பள்ளி மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவார்கள். இரண்டாம் நாள் அது இன்னும் கூடும். அப்போதுதான் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறும்.

நான் சேலத்தை ஒட்டிய ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. கபடியும் நெடுந்தொலைவு ஓட்டமும் எங்கள் பிள்ளைகள் விரும்பி ஆடுகிற விளையாட்டுகள். தறி ஓட்டுகிற வீடுகளிலிருந்தும் கொலுசுப் பட்டறை வீடுகளிலிருந்தும் வருகிற இந்தப் பிள்ளைகளுக்கு விளையாட்டு மருத்துவம் என்று கிடைப்பது பெரும்பாலும் அம்மாவின் கை, பாட்டியின் கை, ஒரு கிண்ணம் நல்லெண்ணெய். நம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து போன நடராஜன் 2020-21இல் ஆஸ்திரேலியப் பயணத்தில் இந்திய அணிக்காக மூன்று வகை ஆட்டங்களிலும் களம் இறங்கியபோது, அந்த அணியோடு மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், தசையைப் பிடித்துவிடுவதற்கென்றே தனி ஆள் என ஒரு கூட்டமே கூடப் போயிருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு அது இல்லை என்று வருத்தப்படுவதோடு நின்றுவிடாமல், இருக்கிற அந்த வீட்டுக் கை என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த வலி எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது; ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இவ்வளவு உயரத்தை இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடம்பு முன்னால் விழாமல் தடுத்து நிறுத்துவது முன்தொடைத் தசைதான். அந்தத் தசை சுருங்கிக்கொண்டு வேலை செய்யவில்லை. இழுபட்டு நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. அப்படித் தாங்கும்போது தசை நார்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. உடம்பு அவற்றைச் சரிசெய்யத் தொடங்கும்போது வீக்கமும் வலியும் வருகின்றன. அதனால்தான் ஓடி முடித்த உடனே இல்லாத வலி, ஒரு நாள் கழித்துத் தொடங்கி இரண்டு மூன்று நாள்களுக்குள் உச்சத்தைத் தொடுகிறது.

மைதானத்தில் பெரியவர்கள் சொல்வது வேறு. "லாக்டிக் ஆசிட் சேர்ந்திருக்கு, நல்லா அழுத்தித் தேய்ச்சா இறங்கிடும்" என்பார்கள். நல்ல எண்ணத்தோடு சொல்வதுதான், ஆனால் சரியல்ல. கடுமையாக ஓடும்போது இரத்தத்தில் கூடும் லாக்டிக் அமிலம், யாரும் தொடாவிட்டாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். மெதுவாக நடந்துகொண்டிருந்தால் இன்னும் சீக்கிரம் வரும். 2010இல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் இருக்கிற குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி முடிந்த உடனே முன்கையைப் பிடித்துவிட்டபோது இரத்த ஓட்டம் குறைந்தது. அமிலம் வெளியேறுவதும் தாமதப்பட்டது. அழுத்துகிற கை இரத்தக் குழாயையும் சேர்த்துத்தானே அழுத்துகிறது! ஆகவே ஓட்டம் முடிந்த கையோடு பிள்ளையைப் படுக்கவைத்துத் தொடையை முறுக்குவதில் பயன் இல்லை. கொஞ்ச தூரம் நடக்கவிட்டு, தண்ணீர் குடிக்கவைத்து, வயிற்றுக்குச் சோறு போட வேண்டும். எண்ணெய்க்கு மாலையில் நேரம் இருக்கிறது.

அப்படியானால் நீவிவிடுவதால் தசைக்குள் ஒன்றுமே நடப்பதில்லையா? நடக்கிறது. 2012இல் அதே கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களைச் சைக்கிள் மிதிக்கவைத்துக் களைப்பின் எல்லைக்குக் கொண்டுபோனார்கள். பிறகு ஒரு காலை மட்டும் 10 நிமிடம் பிடித்துவிட்டு, இரண்டு தொடைகளிலிருந்தும் துளித் தசையை எடுத்துச் சோதித்தார்கள். பிடித்துவிட்ட காலில் அழற்சியைத் தூண்டுகிற சைகைகள் குறைந்திருந்தன. செல்லுக்கு ஆற்றல் தருகிற மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கச் சொல்லும் சைகை கூடியிருந்தது. லாக்டிக் அமிலத்தின் அளவில் மட்டும் வேறுபாடே இல்லை. சிறிய சோதனைதான் என்றாலும், நம் பாட்டிமார் செய்ததற்குப் பலன் இருக்கிறது, அவர்கள் சொன்ன காரணம்தான் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

ஆட்டத் திறன் கூடுமா என்பது அடுத்த கேள்வி. இதில்தான் விளம்பரங்களும் உண்மையும் வேறு வேறு திசையில் போகின்றன. 2020இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் 29 ஆய்வுகளை, அவற்றில் பங்கேற்ற 1,012 பேரின் முடிவுகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். மசாஜ் செய்துகொண்டதால் யாருக்கும் வலிமை கூடவில்லை, தாண்டும் உயரம் கூடவில்லை, ஓட்ட வேகமும் தாக்குப்பிடிக்கும் திறனும் கூடவில்லை. உடம்பு வளைந்துகொடுப்பதிலும், ஓரிரு நாள் கழித்து வருகிற தசை வலி குறைவதிலும் மட்டும் சிறிய, ஆனால் உறுதியான முன்னேற்றம் தெரிந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு 99 ஆய்வுகளைத் திரட்டிய வேறொரு குழு, பனிக்கட்டித் தண்ணீரில் உட்காருவது, இறுக்கமான உடை அணிவது போன்ற பல வழிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, தசை வலியையும் களைப்பு உணர்வையும் குறைப்பதில் மசாஜே முன்னால் நிற்கிறது என்று சொன்னது.

இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குப் படுவது இதுதான்: எண்ணெய் தேய்த்த கால் இன்று வேகமாக ஓடாது, ஆனால் நாளை பயிற்சிக்கு வரும். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி வலிக்கிறது என்று மூன்று நாள் வராமல் இருந்தால், நான்காம் நாள் அவளை அனுப்ப வேண்டாம் என்று வீட்டில் முடிவு செய்துவிடுவார்கள். குறுவட்டப் போட்டிக்கும் மாவட்டப் போட்டிக்கும் இடையில் எத்தனையோ நல்ல கால்களை நாங்கள் இழப்பது இப்படித்தான். வலியைக் குறைத்து ஒரு நாளாவது முன்னதாக மைதானத்துக்குக் கொண்டுவருகிற எதையும் சிறியது என்று என்னால் ஒதுக்க முடியாது.

மனத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை விட முடியாது, ஏனென்றால் மாற்றம் அங்கேதான் அதிகம். 2000இல் வெளியான ஓர் ஆய்வில் எட்டு அமெச்சூர் குத்துச்சண்டை வீரர்களை இரண்டு சுற்று குத்தவைத்தார்கள். இடையில் ஒரு முறை மசாஜ், இன்னொரு முறை வெறும் ஓய்வு. மசாஜ் பெற்றபோது நன்றாகத் தேறிவிட்டதாக அவர்கள் உணர்ந்தார்கள்; குத்தின் வலுவிலோ முன்னேற்றம் எதுவும் இல்லை. இதைப் படிக்கிற பலர், எல்லாம் மனப்பிரமை என்று தள்ளிவிடுவார்கள். கபடி ஆடவைக்கிற எனக்கு அப்படித் தள்ள முடியவில்லை. ஊர்ப்புறங்களில் நடக்கிற மின்னொளிக் கபடிப் போட்டிகளில் இரவு எட்டு மணிக்கு ஓர் ஆட்டம், பதினோரு மணிக்கு அடுத்தது, விடியற்காலையில் அரையிறுதி என்று போகும். இடைவெளியில் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து, தோற்றுவிடுவோமோ என்று பேசிப் பேசியே களைத்துப்போவார்கள். அந்த நேரத்தில் மூத்த மாணவி ஒருத்தி அடுத்தவளின் பாதத்தைப் பிடித்து, கெண்டைக்காலை லேசாக உதறிவிட்டு, தோள்பட்டையை இரண்டு நிமிடம் பிசைந்துவிட்டால் பேச்சு அடங்கும், மூச்சு நிதானப்படும். முப்பது விநாடி ரெய்டில் காலை எடுத்து வைப்பதா, திரும்பி வருவதா என்று முடிவெடுப்பது கலங்காத மனம்தான். நன்றாக இருக்கிறேன் என்கிற உணர்வோடு கோட்டைத் தாண்டுகிறவளுக்கும், பயந்துகொண்டே தாண்டுகிறவளுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தக் கருவியும் அளக்காவிட்டாலும், பாதுகாப்பு ஆட்டக்காரிகள் முதல் அடியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதற்கு உடம்பில் அடிப்படையும் உண்டு. மெல்லிய, சீரான அழுத்தம் நாடித்துடிப்பைத் தணிக்கிறது. தோலில் படுகிற தொடு உணர்வு, முதுகுத்தண்டின் வாசலிலேயே வலிச் செய்தியை ஓரளவு மறித்துவிடுகிறது என்று ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் 1965இல் விளக்கினார்கள். முட்டி இடித்தால் நாம் யோசிக்காமலே தேய்த்துக்கொள்வதற்கும் அதுவே காரணம். எல்லாவற்றுக்கும் மேலாகத் தூக்கம். வளர்கிற வயதில் எட்டு முதல் பத்து மணி நேரம் தூங்க வேண்டும். எங்கள் பிள்ளைகளில் பலர் தறிச் சத்தத்துக்கு நடுவே படுக்கிறார்கள். இரவு படுக்குமுன் பத்து நிமிடம் காலைப் பிடித்துவிட்ட நாள்களில் படுத்த உடனே தூங்கிவிட்டதாகத்தான் பெரும்பாலானவர்கள் பயிற்சிக் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். தசை தேறுவது தூக்கத்தில்தான் என்பதால், எண்ணெய் தேய்ப்பதன் பெரிய பயனே இதுவாக இருக்கலாம் என்பது என் கருத்து.

நம் மரபில் இது வெறும் வீட்டுப் பழக்கமாக நின்றுவிடவில்லை. சித்த மருத்துவம் புற மருத்துவங்கள் முப்பத்திரண்டில், உடம்பைப் பிடித்துவிடுகிற தொக்கணத்தையும் ஒன்றாக வைத்திருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதற்கு ஒன்பது வகை. இளம் விளையாட்டு வீரர்களுக்கு இவற்றில் பிடித்தலும் மென்மையான அழுத்தலும் அசைத்தலும் போதும். முறுக்கலும் இழுத்தலும் முறையாகப் படித்த சித்த மருத்துவரின் கையில் மட்டுமே இருக்க வேண்டும். உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகளைத் தொடுகிற வர்மத்துக்கு இன்னும் கவனம் வேண்டும். படுவர்மம் பன்னிரண்டு, தொடுவர்மம் தொண்ணூற்றாறு என நூற்றெட்டு இடங்களைச் சொல்கிற அந்தக் கலை, அடிக்கவும் தெரிந்தவர்கள் ஆற்றவும் கற்றுக்கொண்ட கலை. அதை இரண்டு வீடியோ பார்த்துவிட்டுப் பிள்ளைகளின் கழுத்தில் செய்துபார்ப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சேலத்துக்குப் பக்கத்திலேயே கஞ்சமலை இருக்கிறது. அமாவாசைதோறும் சித்தர் கோயிலுக்கு மக்கள் திரள்கிற மண்ணில் சித்த மருத்துவத்தின் மீது நம்பிக்கைக்குப் பஞ்சமில்லை. அந்த நம்பிக்கையைப் படித்த கைகளிடம் கொண்டுசேர்ப்பதுதான் நமக்கு இருக்கிற வேலை.

என் மாணவி ஒருத்தியின் பாட்டி சேர்வராயன் மலைக் கிராமத்துக்காரர். இளமையில் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்து, மூட்டை சுமந்து மலையிறங்கியவர். கூட வேலை செய்த பெண்களின் கால்களைப் பிடித்துவிட்டே கை பழகியவர். எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் அவர் ஆயாதான். நல்லெண்ணெயை இரும்புக் கரண்டியில் காய்ச்சி, ஆறவைத்து, தம் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்த பிறகே பிள்ளையின் காலில் வைப்பார். குதிகாலுக்கு மேலே தொடங்கி, இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முட்டியை நோக்கி மேலேயே கொண்டுபோவார்; திரும்பி வரும்போது அழுத்தமே இருக்காது, உள்ளங்கை தடவிக்கொண்டு மட்டும் வரும். கெண்டைச் சதையின் நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றுவிடும். அங்கே தேய்க்க மாட்டார். அப்படியே வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளை மூன்று நான்கு முறை மூச்சு விடும்வரை காத்திருப்பார்.

"வலிக்குதான்னு கேட்டா இல்லைன்னுதான் சொல்லும் டீச்சர், விளையாட்டுப் புள்ளைங்க. கால் வெரலப் பாருங்க" என்றார் ஒருமுறை. பார்த்தேன். அழுத்தம் கூடிய கணத்தில் பிள்ளையின் கால் விரல்கள் உள்ளே மடங்கின. ஆயா விரலை லேசாக எடுத்ததும் அவை விரிந்தன. அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு நான் படித்த எந்த விளக்கமும் இவ்வளவு கைக்கு உதவுவதாக இல்லை. அழ அழத் தேய்த்தால்தான் கட்டு விடும் என்பது நம்மிடம் பரவிக் கிடக்கிற தவறான நம்பிக்கை. வலிக்கும்போது தசை தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இறுகும். அளவு மீறி அழுத்தினால் நார்களே நசுங்கும். நேரமும் அப்படித்தான்: குறுகிய நேர மசாஜ், நீண்ட நேரம் செய்ததைவிட ஆட்டத் திறன் மீள்வதில் கூடுதலாக உதவியதை ஆய்வுகளின் தொகுப்பொன்று 2016இல் காட்டியிருக்கிறது. ஒரு காலுக்கு ஐந்து நிமிடம் போதும். வேக ஓட்டப் பந்தயத்துக்குச் சற்று முன்பு அந்த ஐந்து நிமிடமும் வேண்டாம். வார்ம் அப்பை விட்டுவிட்டு மசாஜ் மட்டும் செய்துகொண்டவர்கள் மெதுவாக ஓடியிருக்கிறார்கள்.

தொடவே கூடாத நேரங்கள் இருக்கின்றன. இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். விடுமுறையில் ஊர்க் கோயில் திருவிழாப் போட்டியில் கணுக்கால் பிசகிய என் மாணவியைப் பக்கத்து ஊரில் சுளுக்கு வழிப்பவரிடம் அழைத்துப்போயிருக்கிறார்கள். வீங்கிய காலை அவர் இழுத்து உருவி, கட்டுப்போட்டு அனுப்பிவிட்டார். பள்ளி திறந்தபோதும் அவள் நொண்டிக்கொண்டிருந்ததால் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். எலும்பு விரிசல் விட்டிருந்தது. ஒரு முழுப் பருவம் அவளால் ஆட முடியவில்லை. கணுக்கால் திரும்பிய பிறகு நான்கு அடி ஊன்றி நடக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பின் மேல் விரல் வைத்தாலே உயிர் போகிறது என்றாலோ எக்ஸ்ரேதான் முதலில், எண்ணெய் அல்ல. முட்டிக்குள் 'டொப்' என்ற சத்தம் கேட்டு, ஓரிரு மணி நேரத்தில் முட்டி பந்தாக வீங்கினால் உள்ளே எலும்புகளை இணைக்கிற நார் அறுந்திருக்கலாம். கபடியில் இது அடிக்கடி நடக்கிறது. தசை கிழிந்த அடியிலும், தொடையில் பலமாக மோதி இரத்தம் கட்டிய இடத்திலும் முதல் இரண்டு மூன்று நாள் தேய்க்கக் கூடாது. மோதிய தொடையை அழுத்தித் தேய்த்தால் தசைக்குள்ளேயே சுண்ணாம்பு படிந்து எலும்பாக இறுகிவிடும் ஆபத்து உண்டு. முன்கால் எலும்பின் ஒரே புள்ளியில் ஓடும்போதெல்லாம் வலிக்கிறது என்றால் அது எலும்பு சோர்ந்து விரிசல் விடுவதன் அறிகுறியாக இருக்கலாம். காய்ச்சல், தோலில் கட்டி, ஒரு கால் மட்டும் சூடாகி வீங்குவது, கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் காப்பி டிகாஷன் நிறத்தில் போவது, இவை எல்லாவற்றிலும் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு பேச்சும் இருக்கிறது. யார் தொடுவது? பெரிய போட்டிகளுக்குப் போனால் தசையைப் பிடித்துவிட வருகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கால் கல்லாக இறுகிப்போயிருந்தாலும், வேண்டாம் சார் என்று ஒதுங்கிவிடுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒதுங்குவதற்கு அவர்களுக்கு முழு உரிமையும் உண்டு. மூடிய அறையில், துணைக்குப் பெண் இல்லாமல், எந்தப் பயிற்சியாளரும் எந்தப் பிள்ளையையும் தொடக் கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

அதனால் அம்மாக்களையே வரவழைத்தோம். ஞாயிற்றுக்கிழமை மாலையில், தறி நிற்கிற நேரத்தில், பள்ளியின் திறந்த வராந்தாவில் பாய் விரித்து ஆயாவை நடுவில் உட்காரவைத்தோம். நாளெல்லாம் கொலுசுக்குச் சலங்கை கோக்கிற விரல்கள் அவை. தசையின் இறுக்கத்தைத் தேடிக் கண்டுபிடிக்க நான் கற்றுக்கொடுக்க வேண்டியதே இருக்கவில்லை. எங்கே நிறுத்துவது என்பதைத்தான் பழக வேண்டியிருந்தது. பிள்ளை 'போதும்' என்றால் அந்த நொடியே கையை எடுக்க வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது என்பது ஆயாவும் நானும் சேர்ந்து வைத்த விதி. கழுத்தை யாரும் திருப்பக் கூடாது, முதுகில் யாரும் ஏறி மிதிக்கக் கூடாது என்பதும் அப்படியே. தொடைக்குப் பிள்ளைகளே தங்கள் கையால் செய்துகொள்கிறார்கள்: டிராக் பேண்டைப் போட்டுக்கொண்டு, சப்பாத்திக் கட்டையை முட்டிக்கு மேலிருந்து இடுப்பை நோக்கி மெதுவாக உருட்டுவது. பாதத்துக்கு ஒரு பழைய டென்னிஸ் பந்து.

அம்மாக்களில் சிலர், மகளின் காலில் கை வைத்த பிறகுதான் அவள் எவ்வளவு ஓடுகிறாள் என்று தெரிந்தது என்றார்கள். அதற்கு முன்பு பள்ளி முடிந்தும் வீட்டுக்கு வராமல் சுற்றுகிறாள் என்று திட்டிக்கொண்டிருந்தவர்கள், இப்போது அடுத்த மலை ஓட்டம் எப்போது என்று கேட்டு, முதல் நாளே எண்ணெய் வாங்கி வைக்கிறார்கள். மாவட்ட விளையாட்டரங்குகளில் வாரத்தில் சில நாளாவது, முறையாகப் பயின்ற பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருவரும் சித்த மருத்துவர் ஒருவரும் இருந்தால் இந்த அம்மாக்களின் கையில் இருக்கிற பாதி அறிவு முழுமையாகும். சேலம் காந்தி ஸ்டேடியத்தில் ஒரு மேசையும் ஒரு திரையும் போட இடம் இருக்கிறது. இதைக் கேட்டு எழுதிய விண்ணப்பத்தில் இதுவரை எங்கள் அம்மாக்கள் மட்டும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மற்றப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களும் சேர்ந்து கையெழுத்திட்டால் மாவட்டப் போட்டி தொடங்குமுன் நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.